எண்பத்தேழாம் நம்பர்

ஏழுகிணத்துப்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த குருவம்மாவின் இடது முன்கையில் முதல் ரத்தப் பரிசோதனை முடிவு அச்சானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. பிரசவ வார்டு வராந்தாவில் பினாயில் வாளியோடு குனிந்திருந்தவள், கையில் எறும்பு வரிசை ஏறுவதுபோல எரியவே தட்டிவிடத் திரும்பிப் பார்த்தாள். எறும்பு இல்லை, கறுப்பு மையில், கோணல்மாணல் இல்லாமல், கட்டம் கட்டி, யாரோ ஒருவருடைய பெயரும் வயதும், அவர் ரத்தத்தில் எது எது எவ்வளவு இருக்கிறது என்கிற விவரமும் இங்கிலீஷில் இருந்தன. அவள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துப் பார்த்தாள், அழியவில்லை, சரி, இது யாருக்குச் சேரவேண்டியதோ அவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று பரிசோதனைக்கூடத்துக்கு நடந்தாள்.

அங்கே பால்துரை மேசைக்கு அடியில் மண்டிபோட்டுக் கிடந்தான். ஆஸ்பத்திரியின் பதினாலு கம்ப்யூட்டருக்கும் அவன் ஒருத்தன்தான் வைத்தியன், அவனும் ஒப்பந்த ஆள்தான். பதினாலுக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர் புதிதாக வந்து இறங்கியிருந்தது, காலையிலிருந்து அது ஒரு தாளைக்கூடத் துப்பவில்லை. பால்துரை அணைத்துப் போட்டான், வயரைப் பிடுங்கி ஊதிச் சொருகினான், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான், ஊர்ப் பெரியவர்கள் பேய் ஓட்டுகிற பொறுமையோடு ஒன்று விடாமல் எல்லாம் செய்து பார்த்தான். அனுப்பியது எல்லாம் அச்சாகிவிட்டது என்றுதான் திரை சொன்னது, தட்டு காலியாக இருந்தது.

"தம்பி, இது ஒங்க ரூம்பு சாமானான்னு பாரு. தவறி என் கைக்கு வந்துருக்கு" என்று குருவம்மா கையை நீட்டினாள்.

பால்துரை கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், இரண்டிலும் ஒரே பெயர். எழுத்து கொஞ்சம் சின்னதாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

இது எப்படி வந்தது என்று கேட்டால், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் நிரந்தர ஊழியர்களுக்கு வருகைப் பதிவேடு உண்டு. ஒப்பந்த ஆட்களுக்குப் பதிவேடு என்று எதுவும் மேலிடத்திலிருந்து வரவில்லை. வராத பதிவேட்டுக்காக யார் அலைவது என்று ஸ்டோர் கீப்பர் பிச்சுமணி, கட்டில், மின்விசிறி, தள்ளுவண்டி எல்லாம் எழுதுகிற இருப்புப் பதிவேட்டிலேயே ஆட்களையும் எழுதி, கட்டிலுக்குப் பெயின்டில் நம்பர் போட்டதுபோல ஆட்களுக்குத் தகர வில்லையில் நம்பர் அடித்துக் கொடுத்திருந்தார். குருவம்மா எண்பத்தேழு. போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு அவள் இரண்டு மாதம் வராமல் இருந்தபோது, உடைந்த நாற்காலிக்கு எழுதுகிற மாதிரியே 'கழிவு' என்று எழுதி அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார் பிச்சுமணி. அந்த நம்பரை வீணாக்கக் கூடாது என்று, வரவிருந்த புதுப் பிரிண்டருக்குக் கொடுத்தார். குருவம்மா திரும்பி வந்து நின்றதும், பழகிய நம்பர்தானே என்று அதே வரியில் அவளையும் மறுபடி எழுதிக்கொண்டார். பிரிண்டரைப் பொருத்த வந்த ஆள், இதற்குக் கம்ப்யூட்டர் வலையில் என்ன நம்பர் கொடுப்பது என்று கேட்டதற்கு, எங்கள் கணக்கில் எண்பத்தேழு என்றார். அவ்வளவுதான் நடந்தது.

பால்துரைக்கு இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. எண்பத்தேழாம் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு தடவை தட்டினால் அது நாலு தடவை கூப்பிடும். அவன் தட்டினான். கதவோரம் நின்ற குருவம்மா நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஆரு கூப்பிட்டது?"

"நாந்தாங்க்கா."

நாலுக்கு நாலு பதில் வந்துவிட்டது என்று திரையில் எழுதியிருந்தது. அவன் சோதனைப் பக்கம் ஒன்றை அனுப்பினான், அவள் வலது கையை உதறினாள், பிரிண்டரை வெற்றிகரமாக இணைத்துவிட்டீர்கள் என்கிற வாசகம் முழங்கைக்குக் கீழே பளிச்சென்று விழுந்தது.

பெரிய டாக்டரம்மா வசுமதி வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, இருநூறு பேர் வெளியே நிற்கிறார்கள் என்கிற ஒரே நினைப்போடு எட்டு வருஷமாக நடமாடிக்கொண்டிருப்பவர்.

"இத மாத்த எவ்வளவு நேரம் ஆகும் பால்துரை?"

"பதினாலு கம்ப்யூட்டர்லயும் நம்பர மாத்தணும் மேடம். அர மணி நேரம்."

"அர மணி நேரம் முடிவு குடுக்காம இருந்தா இந்தக் கூட்டம் என்னைய உரிச்சிரும். இன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும். குருவம்மா, ரொம்ப வலிக்குதா?"

"எண்ணெ தெறிச்ச மாதிரி இருக்கும்மா. தாங்கிக்கிடலாம்."

மறுநாள் மாற்றலாம் என்று போனால் பிச்சுமணி குறுக்கே நின்றார். பிரிண்டருக்கு உத்தரவாதம் இருக்கிறது, நாமாகக் கைவைத்தால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும், மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார். கடிதம் போனது என்னவோ உண்மை. பால்துரை அதன் நகலைப் பார்த்தான். 'எண்பத்தேழாம் எண் கருவி திருப்திகரமாக இயங்குகிறது, எனினும் இடம் மாற்றி இயங்குகிறது' என்று எழுதியிருந்தது.

ஊர் இதற்குப் பழகிய வேகத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் அவரவர் முடிவு வாங்க வந்தார்கள், மூன்றாம் வாரம் ஏன் இவ்வளவு தாமதம் என்று சத்தம் போட வந்தார்கள். குருவம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள், சுற்றிப் பச்சைத் திரை கட்டினார்கள், டோக்கன் கொடுத்தார்கள். டாக்டர்கள் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார்கள், நோயாளியின் சொந்தக்காரர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள், முத்திரை இல்லாத முடிவு செல்லாது என்று பிச்சுமணி ஒவ்வொன்றின் கீழும் ரப்பர் ஸ்டாம்பை அவள் தோலிலேயே குத்தினார். எழுத்து ஒன்றரை நாள் நிற்கும், பிறகு மெல்லிய பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் அடுத்தது விழும். தாளில் வந்தால் தொலைந்துபோகும், மாறிப்போகும், மழையில் நனையும், தோல் பொய் சொல்லாது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். காலில் விழுந்த முடிவு ராசியில்லை, கையில்தான் வேண்டும் என்று ஒரு குடும்பம் சண்டைக்கு வந்தது. இன்னொரு குடும்பம், சர்க்கரை குறைந்திருப்பதாக அவள் தோளில் வந்ததற்காக ஒரு டப்பா அல்வா கொடுத்துவிட்டுப் போனது. அவள் கைபட்ட தண்ணீரைக் குடிக்காதவர்கள் எல்லாம் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினார்கள்.

"இருவது வருசமா இந்த வராந்தாவுல நடக்கேன் தம்பி, ஒருத்தரும் தள்ளி நில்லுன்னு சொல்லாம இருந்ததில்ல" என்று அவள் பால்துரையிடம் சொன்னாள். "இப்ப கிட்ட வா, கிட்ட வான்னு கூப்பிடுதாக." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அவனால்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பெருக்குகிற வேலையிலிருந்து அவளை விடுவிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏழு மணிக்கு வந்து மூன்று வார்டையும் கூட்டி, கக்கூஸைக் கழுவி, எட்டரைக்கு ஸ்டூலில் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள், அங்கே அவளை ஒன்றும் தொடாது; வலை ஆஸ்பத்திரிச் சுவரோடு முடிகிறது. ஆனால் அன்று அனுப்பியது எல்லாம் வரிசையில் காத்துக் கிடக்கும், திங்கட்கிழமை காலையில் அவள் வாசலுக்குள் கால் வைத்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும். அப்போது அவள் இரும்புக் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்து நிற்பாள், சைக்கிள்காரர்கள் மணியடித்து ஒதுங்கிப் போவார்கள். குடியரசு தினத்தன்று, நாலு மாதமாக ஒரு தாள்கூடச் செலவாகவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. பிச்சுமணி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், அந்த ஆண்டிக்காவது கோயில் என்று ஒன்று இருந்தது.

பிறகு ஊரில் டெங்கு வந்தது. நாளொன்றுக்கு நாற்பது என்று இருந்த முடிவு நூற்றைம்பது ஆயிற்று, முந்நூறு ஆயிற்று. பழையது உதிர்வதற்கு முன்பே புதியது விழுந்தது, கை நிறைந்து முதுகுக்குப் போயிற்று, முதுகு நிறைந்து வயிற்றுக்கு, தொடைக்கு, பாதத்துக்குப் போயிற்று, ஒருநாள் உள்நாக்கில் ஒரு குழந்தையின் ரத்தத் தட்டணுக் கணக்கு வந்து, டாக்டரம்மா டார்ச் அடித்துப் படித்தார். கண்ணிமையில் வந்தபோது குருவம்மா முதல்முறையாகக் கத்தினாள். டாக்டரம்மா தன் கைப்பையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தார், அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை, ஆனால் முடிவுகளை நிறுத்தவும் இல்லை. வெளியே பெற்ற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்கள், அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையாமே, பாவம், நமக்கு ஒன்றே ஒன்றுதானே, தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒன்றே ஒன்றுதான் என்பது உண்மை.

ஒரு சாயங்காலம் அவள் பால்துரையின் அறைக்கு வந்து, உட்கார முடியாமல் கதவைப் பிடித்து நின்றாள். தோலில் விரல்நுனி அளவுகூட வெறும் இடம் இல்லை, எழுத்துமேல் எழுத்து ஏறிக் கறுத்து, உதிர்வதும் நின்றிருந்தது.

"தம்பி, நெசமாவே அது அர மணி நேர வேலதானா?"

"ஆமாக்கா."

"பெறகென்ன?"

"லெட்டருக்குப் பதில் வரணும்னு…" என்று அவன் ஆரம்பித்தான்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்தச் சரியில் கோபம் இருந்திருந்தால் அவன் அன்றைக்குத் தப்பித்திருப்பான்.

அவன் சொல்லாமல் விட்டது இதுதான். அவன் மனைவி சொர்ணத்துக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. அதில் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. முடிவு வியாழக்கிழமை வரும் என்றார்கள். கல்லூரிக் கம்ப்யூட்டரிலிருந்து நேராக எண்பத்தேழுக்குத்தான் வரும், ஒரே ஒரு தடவைதான் அனுப்புவார்கள், நம்பரை மாற்றிவிட்டால் அது போக இடம் இல்லாமல் தொலையும், பிறகு மறுபடி வெட்டி, மறுபடி அனுப்பி, மறுபடி ஐந்து வாரம். சொர்ணம் ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். இன்னும் ஐந்து வாரத்தை அவளிடம் எந்த வாயால் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்காமல் திங்கட்கிழமையே மாற்றிவிடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தவன், வியாழன் கழியட்டும், வெள்ளி காலையில் முதல் வேலை அதுதான் என்று தள்ளிப்போட்டான். மற்றவர்களைப் போலவே அவனுக்கும் ஒன்றே ஒன்றுதான்.

புதன்கிழமை குருவம்மா வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். வியாழனும் வரவில்லை. வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டு முடிவு காத்துக் கிடந்தது, வாசலில் ஜனங்கள் கண்ணாடியை உடைத்தார்கள், ஒரு தகப்பன் காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரம்மாவின் மேசைமேல் கிடத்திவிட்டு நீயே வைத்துக்கொள் என்றான். டாக்டரம்மா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஆம்புலன்ஸ் போய் குருவம்மாவைக் கூட்டிவரட்டும் என்றார். ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டு போனது. நோயாளியை எடுத்துவரத்தான் போனது, ஆனால் அவள் நோய்க்காகப் போகவில்லை.

பால்துரை ஓடிவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பக் கால் மணி நேரம் ஆகும். அவள் வாசலுக்குள் வந்தால் நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே மூச்சில் இறங்கும். இறங்கினால் அவள் தாங்கமாட்டாள், இதற்கு டாக்டர் படிப்பு வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ரத்து செய் என்று தட்டினான், நீக்கப்படுகிறது, நீக்கப்படுகிறது என்று திரை சொல்லிக்கொண்டே இருந்ததே தவிர ஒன்றுகூட நகரவில்லை. அப்படி அடம்பிடிக்கிற வரிசைக்கு ஒரு வைத்தியம் உண்டு. அச்சு வேலையை அடியோடு நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டருக்குள் அவை ஒளிந்திருக்கிற பெட்டியைத் திறந்து கையாலேயே வழித்து எறிந்துவிட்டு, மறுபடி தொடங்க வேண்டும். அவன் நிறுத்தினான். பெட்டியைத் திறந்தான். ரத்தம் என்றால் மறுபடி ஊசி குத்தி எடுத்துக்கொள்ளலாம், திட்டினால் திட்டட்டும் என்று நூறு நூறாக அழித்தான். பல மாதத்துக்குப் பிறகு நல்லது செய்கிறோம் என்கிற ஒரு தெம்பு இருந்தது.

முந்நூற்றெண்பத்தொன்பதாவதில் சொர்ணத்தின் பெயர் இருந்தது.

சங்குச் சத்தம் கேட்டுவிட்டது. அவன் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தான். நானூற்றுப் பதினொன்று போயிற்று. ஒன்று நின்றது. நானூற்றுப் பன்னிரண்டைத் தாங்கமாட்டாள், ஒன்றைத் தாங்குவாள், தினமும் முந்நூறு தாங்கியவள்தானே என்று அவன் நினைத்தான். நினைத்தான் என்பதைவிட, அப்படி நினைக்க ஆசைப்பட்டான் என்று சொல்வதுதான் சரி. ஆம்புலன்ஸ் வாசலுக்குள் திரும்பியது. அவன் அச்சு வேலையை மறுபடி தொடங்கினான்.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவந்து பச்சைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நர்ஸ் ரெஜினா மட்டும் திரைக்கு உள்ளே இருந்தாள், பால்துரை வெளியே நின்றான். உள்ளே குருவம்மா, "ஏ அம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை.

"ஒன்னே ஒன்னுதாண்ணே வந்துருக்கு" என்றாள் ரெஜினா உள்ளிருந்து. "வேற எங்கயும் எடம் இல்லாம நெஞ்சுல வந்துருக்கு. சொர்ணம், வயசு முப்பத்திநாலு. ஒங்க வீட்டுலதான? இருங்க… சாதாரணக் கொழுப்புக் கட்டின்னு போட்டுருக்கு. புத்து இல்ல. அண்ணே, புத்து இல்லண்ணே!"

பால்துரை சிரித்தான். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு கிழவனின் கையைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம் அவன் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை. ரெஜினா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றபோதும் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது.

"அண்ணே" என்றாள் அவள். "மூச்சு இல்லண்ணே."

டாக்டரம்மா வந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறப்புச் சீட்டை அடிக்கச் சொன்னார். அது அடித்து முடிவதற்குள் பால்துரை ஒவ்வொரு அறையாகப் போய்ப் பதினாலு கம்ப்யூட்டரிலும் நம்பரை மாற்றிவிட்டான். யாரும் தடுக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று பிச்சுமணியும் கேட்கவில்லை. அவர் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். புதுப் பிரிண்டர் முனகிக்கொண்டு எழுந்து முதல் தாளைக் கொடுத்தது, குருவம்மாவின் பெயரும் வயதும் அதில் தெளிவாக இருந்தன. வாசலில் நின்றவர்கள் தாளில் வருவதை எப்படி நம்புவது என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். அவள் உடம்பை எடுக்க அவள் தெருக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். எழுத்து உதிரவில்லை, குளிப்பாட்டிய பெண்கள் எவ்வளவோ தேய்த்துப் பார்த்தார்கள், ஊர் முழுக்க இருந்த ரத்தத்தையும் சர்க்கரையையும் காய்ச்சலையும் மேலே போட்டுக்கொண்டேதான் அவள் மண்ணுக்குள் போனாள்.

பால்துரை வீட்டுக்குப் போய் முடிவைச் சொன்னபோது சொர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், எழுந்து விளக்கேற்றினாள், ஐந்து வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசிக்கிறது என்றாள். தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு, அந்தம்மாவுக்கு இப்போது காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். அவனால் ஒன்றையும் மறைக்க முடியவில்லை, நெஞ்சில் வந்தது, ஒன்றே ஒன்று வந்தது, அதற்குப் பிறகு பதினாலையும் மாற்றியது, எல்லாம் சொன்னான்.

"அத மாத்துனா சரியாப் போயிரும்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் சொர்ணம்.

"மொத நாளே."

அவள் வாயிலிருந்த கவளத்தை மென்று விழுங்கினாள். தட்டைத் தள்ளவில்லை, திட்டவில்லை, அழவும் இல்லை, போட்ட சோறு முழுவதையும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதன் பிறகு அவள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தாள், கட்டி தானாகக் கரைந்தது, தலை நரைத்து, பல் விழுந்து, எண்பது வயதைத் தாண்டியும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்த்தாள். அவன் கை தெரியாமல் மேலே பட்டால் மட்டும், நெருப்புப் பட்டவள்போலத் துள்ளி நகர்ந்து உட்காருவாள்.